கறுப்புப் பொம்மை செய்ய வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

சங்கராபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இப்போது நான்கு பெண்பிள்ளைகளும் இரண்டு பையன்களும் வேலை பழகுகிறார்கள். பெண்பிள்ளைகள் துணிப் பொம்மை தைக்கிறார்கள். பையன்கள் கள்ளக்குறிச்சி சிற்பப் பட்டறையில் கொட்டாப்புளியும் உளியும் பிடித்துப் பழகியவர்கள். வெளிநாட்டில் குடியிருக்கும் ஆப்பிரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் விளையாட, அவர்கள் இனத்தையும் உடுப்பையும் காட்டுகிற பொம்மைகள் வேண்டுமென்று எங்களிடம் கேட்டு வந்திருக்கிறது. “ஆயா, நீ தினமும் சொல்றதை ஒரு நோட்டுல எழுதிக் குடுத்துடு, நாங்க பாத்துக்கறோம்” என்றாள் இருப்பதில் சின்னவள். எழுதிவிட்டேன்.

1. ஊசியைத் தொடும் முன் உங்கள் வீட்டில் இருக்கும் பொம்மையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ரோஜா நிறத் தோல், நீலக் கண், மஞ்சள் முடி. கரும்பு வெட்டிவிட்டு வருகிற அம்மாவின் இடுப்பில் இருக்கும் பிள்ளையின் கையில் அந்தப் பொம்மை இருக்கிறது. அம்மா ஒரு நிறம், பிள்ளை ஒரு நிறம், பொம்மை வேறொரு நிறம். அதே தெருவில் புதிதாகக் கட்டுகிற வீட்டின் சாரத்தைப் பாருங்கள். அங்கேயும் ஒரு முகம் தொங்கும்: கன்னங்கரேல், பிதுங்கிய கண், நீட்டிய நாக்கு. அது திருஷ்டிப் பொம்மை. கொஞ்சுவதற்கு ஒரு நிறம், பயமுறுத்துவதற்கு ஒரு நிறம் என்று பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே நம் பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை, பார்த்தே படிக்கிறார்கள்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. கல்யாணச் சீரில் மரப்பாச்சி வரும். ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி, செஞ்சந்தன மரத்தில் செய்தது. கை பட்டுப் பட்டு இருட்டிய நிறம். நவராத்திரிக்கு அதற்குப் பட்டுத் துண்டு சுற்றி, காசுமாலை போட்டு, கொலுவின் மேல்படியில் வைப்போம். குழந்தைக்கு உடம்புக்கு வந்தால் அதே மரப்பாச்சியைக் கல்லில் உரசிப் பூசிவிடும் பாட்டிகள் இருந்தார்கள். அந்தப் பொம்மையை யாரும் கறுப்பு என்று ஒதுக்கிப் பேசி நான் கேட்டதில்லை. கறுப்புப் பொம்மை என்றதும் அந்நியமான வேலை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நம் கையில் இருந்து நழுவிப்போன வேலை இது.

2. அமெரிக்காவில் நடந்த ஒன்றை நீங்கள் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்று கணவன் மனைவி இருவர், உளவியல் படித்த கறுப்பின அறிஞர்கள். 1940-களில் மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரையுள்ள கறுப்பினப் பிள்ளைகள் முன் நான்கு பொம்மைகளை வைத்தார்கள். நான்கும் ஒரே அச்சு. நிறம் மட்டும் வேறு. எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை, எதோடு விளையாட ஆசை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்று காட்டின. கடைசியாக, “இதில் உன்னைப் போல இருப்பது எது?” என்று கேட்டபோது சில பிள்ளைகள் அழுதுவிட்டன. இனவாரியாகப் பள்ளிகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று தீர்ப்புச் சொன்னபோது, பிரித்து வைப்பது பிள்ளையின் மனத்தை என்ன செய்கிறது என்பதற்கு எடுத்துக்காட்டிய ஆய்வுகளில் கென்னத் கிளார்க்கின் கட்டுரையும் ஒன்று.

நான் இதை வெகு நாள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். ஆனால் பார்த்திருந்தேன். முன்பு கல்வராயன் மலை எங்கள் சங்கராபுரம் வட்டத்தில்தான் இருந்தது. வெள்ளிமலைப் பக்கம் தையல் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தபோது பையில் இரண்டு துணிப் பொம்மை வைத்திருந்தேன். ஒன்று வெளுத்த காடாத் துணியில் தைத்தது, இன்னொன்று மிச்சமிருந்த காப்பிக்கொட்டை நிறத் துணியில். பிள்ளைகள் எல்லாம் வெளுத்ததற்கு முண்டியடித்தார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் மற்றதை எடுத்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டு, “இது எங்க அக்கா” என்றாள். அன்று மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் நான் யாரிடமும் பேசவில்லை. இந்த வேலை அன்றைக்குத்தான் எனக்கு ஆரம்பித்தது.

3. வெள்ளைப் பொம்மைக்குச் சாயம் ஏற்றி விற்காதீர்கள். நான் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். முதல் முறை கேட்டு வந்தபோது கையிலிருந்த பழைய பேட்டர்னையே வைத்து, பழுப்புத் துணியில் வெட்டி, கறுப்பு நூலில் நீளமுடி வைத்து முப்பது பொம்மை அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. வாங்கியவர் கோபமாக எழுதவில்லை. “முகம் எங்கள் பிள்ளை முகம் இல்லை” என்று ஒரே வரி. மூக்கும் உதடும் நெற்றியும் ஐரோப்பியப் பொம்மையினுடையவை, தோல் மட்டும் மாறியிருந்தது. முப்பதையும் பிரித்துப் பஞ்சை எடுத்தேன்.

லாஸ் ஏஞ்சல்ஸில் வாட்ஸ் என்ற பகுதியில் 1965-இல் பெரும் கலவரம் நடந்தது. அதற்குப் பிறகு அங்கிருந்த கறுப்பின மக்களே சேர்ந்து 1968-இல் ஷிண்டானா என்று ஒரு பொம்மைக் கம்பெனி தொடங்கினார்கள். ஷிண்டானா என்றால் சுவாஹிலி மொழியில் போட்டியிடுவது. பார்பி செய்கிற மேட்டல் கம்பெனி அதற்குப் பணமும் தொழில் யோசனையும் கொடுத்து உதவியது. அவர்களின் முதல் பொம்மை பேபி நான்சி. அதன் மூக்கும் உதடும் கன்னமும் கறுப்பினப் பிள்ளைகளின் முகத்துக்கு ஏற்ப வார்த்தவை. கம்பெனி 1983-இல் மூடிவிட்டது. ஆனாலும் 2020-இல் அமெரிக்காவின் தேசியப் பொம்மைப் புகழ்க்கூடத்தில் பேபி நான்சிக்கு இடம் கொடுத்தார்கள்.

பேட்டர்ன் வெட்டும்போது மூக்கைத் தனித் துண்டாக வெட்டி உள்ளே பஞ்சு வைத்துத் தையுங்கள். உதட்டைக் கோடாக இழுக்காமல் மேலுதடு ஒரு நிறம், கீழுதடு இன்னொரு நிறம் என்று நிரப்புத் தையல் போடுங்கள். கன்னம் உப்ப வேண்டும். நெற்றி உயரட்டும். மீதியை எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகம் சொல்லும். நம் ஊர்ப் பிள்ளை முகமே பாதி வழி கொண்டுபோய் விடும்.

4. ஆப்பிரிக்கா ஓர் ஊர் இல்லை. ஐம்பத்து நான்கு நாடுகள். “ஆப்பிரிக்கப் பொம்மை” என்று ஆர்டர் வந்தால் எந்த நாடு, எந்த மக்கள், என்ன மொழி பேசுகிறவர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். நம்மை “இந்தியப் பொம்மை” என்று ஒரு பாம்பாட்டியைச் செய்து வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? இலைப் பாவாடை, கையில் ஈட்டி, எலும்பு மாலை வைத்து ஒரு பொம்மை இந்தத் திண்ணையில் உருவாகக் கூடாது. நம் பள்ளி ஆண்டுவிழாக்களில் பிள்ளைகள் முகத்தில் கரியைப் பூசிக் காட்டுவாசி என்று ஆடவிடுவதை நான் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் வேகும்.

நைஜீரியாவில் டாஃபிக் ஒகோயா என்பவர் கடைகளில் கறுப்புப் பொம்மை கிடைக்காமல் 2007-இல் தாமே செய்யத் தொடங்கினார். ‘குயின்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கா’ என்று பெயர். ஒரே நாட்டுக்கு மூன்று பொம்மை செய்தார்: இக்போ பெண்ணாக நெக்கா, யொருபா பெண்ணாக வுராவோலா, ஹௌசா பெண்ணாக அசீசா. பெயர் வேறு, தலைக்கட்டு வேறு, உடுப்பு வேறு. ஒரு நாட்டுக்கே மூன்று என்றால் நீங்கள் எத்தனை கேள்வி கேட்கவேண்டும் என்று பாருங்கள்.

மரவேலைப் பையன்களுக்கு இதில் ஒன்று தனியாக. கானா நாட்டு அசாந்தி மக்களிடம் அக்குவாபா என்று ஒரு மரப்பொம்மை உண்டு. தட்டுப்போல வட்டமான பெரிய தலை, உயர்ந்த நெற்றி, கழுத்தில் வளையம் வளையமாக மடிப்பு. அக்குவா என்ற பெண்ணுக்குப் பிள்ளை இல்லையாம். பூசாரி சொல்லி, மரத்தில் ஒரு பிள்ளை செய்து முதுகில் கட்டிக்கொண்டு திரிந்தாள். ஊர் சிரித்தது. ‘அக்குவாவின் பிள்ளை’ என்று கேலியாகச் சொன்னதுதான் பெயராக நின்றது. பிறகு அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. நம் கோயில் மரங்களில் பிள்ளைவரம் கேட்டு மரத்தொட்டில் கட்டித் தொங்கவிடுகிறோமே, அந்தத் தொட்டிலை நினைத்துக்கொண்டு அக்குவாபாவைச் செதுக்குங்கள். கழுத்து மடிப்பை அழகுக்காக என்று குறைத்துவிடாதீர்கள். பிள்ளை கொழுகொழுவென்று நன்றாக வளர்கிறது என்று அது சொல்கிறது.

5. நிறத்துக்கு ஒரே டப்பாச் சாயம் போதாது. கறுப்பு என்பது ஒரு நிறம் இல்லை. தேன் நிறம், புளியங்கொட்டை நிறம், பனங்கருப்பட்டி நிறம், நாவல்பழ நிறம், எல்லாம் உண்டு. ஒரே குடும்பத்துக்குள்ளேயே நான்கு நிறம் இருக்கும், நம் வீடுகளில் இல்லையா?

நான் செய்கிற முறை இது. காடாத் துணியைச் சவக்காரம் போட்டு வேகவைத்துக் கஞ்சிப் பசை போக அலசுவேன். மலையிலிருந்து வரும் கடுக்காயை இடித்துப் போட்ட தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து உலர்த்துவேன். பிறகு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் காசுக்கட்டியைக் கரைத்து அதில் மெல்லிய சூட்டில் துணியை வேகவைத்தால் நல்ல பழுப்பு ஏறும். செம்பழுப்பு வேண்டுமென்றால் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு முக்கு. வெற்றிலை போடும்போது வாய் சிவப்பதில் காசுக்கட்டிக்கும் சுண்ணாம்புக்கும் இருக்கிற உறவுதான் இங்கேயும். இன்னும் இருட்ட வேண்டுமென்றால் துருப்பிடித்த ஆணியையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு வடித்த தண்ணீரை ஒரு கரண்டி சேர்க்கலாம். கூடுதலாகப் போனால் இரும்பு நாளடைவில் நூலை அரித்துவிடும், துணி இற்றுப்போகும். மயில்துத்தம் நிறத்தைப் பிடித்து வைக்கும் என்று சொல்வார்கள். நம் வேலையில் அது வேண்டவே வேண்டாம். பிள்ளை பொம்மையை வாயில் வைக்கும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் போகோலான் என்று சேற்றுத்துணி உண்டு. துவர்ப்பு இலையைக் காய்ச்சிய தண்ணீரில் முதலில் துணியை முக்குகிறார்கள். இரும்புச் சத்துள்ள ஆற்றுச் சேற்றைப் புளிக்கவைத்து அதன்மேல் தீட்டுகிறார்கள். துவர்ப்பும் இரும்பும் கூடி அந்த இடம் கறுக்கிறது. கலம்காரி போடுகிறவர்கள் கடுக்காயில் முக்கிய துணியில் இரும்பு ஊறிய தண்ணீரைத் தீட்டிக் கறுப்புக் கோடு வாங்குவதும் இதே வழிதான். இதை எனக்கு ஒருவர் விளக்கிச் சொன்ன அன்று என் கடுக்காய்ப் பானையை நான் வேறு கண்ணோடு பார்த்தேன். மாலியில் என்னைப் போல ஒருத்தி இதே கறை படிந்த விரலோடு இருப்பாள்.

சாயம் ஏறியபின் வெள்ளைத் துணியை ஈரமாக்கி அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துளி ஒட்டினாலும் மறுபடி அலசல்.

6. கூந்தலுக்கு நேரம் கொடுங்கள். கறுப்பினப் பெண்பிள்ளைகள் பொம்மையைக் கையில் வாங்கினால் முதலில் தலையைத்தான் தொடுகிறார்கள் என்று வாங்குகிறவர்கள் சொல்கிறார்கள். சுருட்டை முடிக்கு மிகச் சுலபமான வழி பழைய ஸ்வெட்டர். பின்னலைப் பிரித்தால் நூல் தானே நெளிநெளியாக வரும். அதை நனைக்காமல், ஆவி காட்டாமல் அப்படியே வைத்துத் தைக்கவேண்டும், நனைந்தால் நெளிவு போய்விடும். இறுகிய சுருள் வேண்டுமென்றால் புதுக் கம்பளி நூலைச் சைக்கிள் கம்பியில் நெருக்கமாகச் சுற்றி, இரண்டு முனையையும் கட்டி, இட்லிப் பானையில் ஆவி காட்டி, நன்றாகக் காய்ந்தபின் உருவுங்கள். ஈரத்தோடு உருவினால் வேலை வீண்.

மண்டையோடு ஒட்டி வரிவரியாகப் போகும் பின்னலுக்கு முதலில் சாக்பீஸால் தலையில் வகிடுகளை வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் தனிப் பின்னல் பின்னி, அடியில் மறைதையல் போட்டு ஒட்டவைக்கவேண்டும். ஒரு தலைக்கு ஒரு பகல் ஆகும். ஆகட்டும். நம் அம்மா நம்மை மடியில் உட்காரவைத்துப் பேன் பார்த்துப் பின்னிவிட எடுத்த நேரத்தை யாராவது கணக்குப் பார்த்தோமா?

7. உடுப்பில் நமக்கும் அவர்களுக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. மெட்ராஸ் கைக்குட்டை என்று பெயர் பெற்ற கட்டம்போட்ட கைத்தறித் துணி நம் பக்கத்துத் தறிகளில் நெய்து, சென்னை வழியாகக் கப்பலேறி, நைஜீரியா வரை போனது. நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் கலபாரி மக்கள் அதை இன்ஜிரி என்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சடங்குகளில் அதற்கு இடம் உண்டு. நம் துணியின் நூல்களைப் பார்த்துப் பார்த்து வெட்டி உருவி, அதிலிருந்தே புதிய சித்திரத் துணியாக்கும் கலை அவர்களுடையது, பெலெட்டே பிட்டே என்று பெயர். கலபாரிப் பெண்ணாக ஒரு பொம்மை செய்தால் அதற்குக் கட்டம்போட்ட நம் துணியைச் சுற்றுங்கள், பொருத்தமாக இருக்கும். கென்டே துணி அசாந்தி, எவே மக்களுடையது, ஒடுக்கமான பட்டைகளாக நெய்து பக்கம் பக்கமாக இணைப்பது. அதை யொருபாப் பொம்மைக்குச் சுற்றிவிடாதீர்கள்.

தையல் கடை வெட்டுத்துண்டு மிஞ்சினால், வடகன்னடத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் இருக்கும் சித்தி மக்களை நினைத்துக்கொள்ளுங்கள். பல நூற்றாண்டுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர், இன்று கன்னடமும் கொங்கணியும் பேசுகிற நம் நாட்டு மக்கள். சித்திப் பெண்கள் பழைய சேலை, சட்டைத் துண்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துக் கவந்தி என்று போர்வை செய்கிறார்கள். நான்கு மூலையிலும் முக்கோண மடிப்பில் பூ வைப்பார்கள். பூ இல்லாத கவந்தி அவர்களுக்கு நிறைவாகாது. நம் பொம்மைக்கு ஒரு முழம் கவந்தி தைத்து மூலையில் பூ வைத்துக் கூடக் கொடுத்தால், பொம்மையைத் தூங்கவைக்கப் பிள்ளைக்குப் போர்வையும் ஆயிற்று.

8. மரம்: கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் உங்களுக்குப் பெருமை, ஆனால் சாமி சிலைக்குப் பழகிய கை பிள்ளைப் பொம்மைக்கு அப்படியே உதவாது. சிலையைத் தள்ளி நின்று கும்பிடுகிறோம், பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். விரல் விரலாக, நகை நகையாகக் குடையும் ஆசையை அடக்குங்கள். கூர்முனை எங்கேயும் நிற்கக் கூடாது. உப்புத்தாள் போட்டபின் ஒரு நைலான் துணியை மேலே இழுத்துப் பாருங்கள், எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே மறுபடி தேயுங்கள். வார்னிஷ் அடிக்கவேண்டாம். தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் உருக்கிப் பூசி, மறுநாள் துணியால் துடைத்துவிடுங்கள். மரத்தின் இருட்டு தானே மேலே வரும்.

9. கண்ணுக்குப் பட்டன் வைக்காதீர்கள். மணியும் வேண்டாம். மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் போகிற எதிலும் பிய்ந்து வாய்க்குள் போகிற பொருள் இருக்கக்கூடாது. கண்ணை நூலில் தையுங்கள். வெள்ளை விழி முதலில், பிறகு கருவிழி, கடைசியாக ஒளிப்புள்ளியாக ஒரே ஒரு வெள்ளைத் தையல். அந்தப் புள்ளி விழுந்ததும் பொம்மை உங்களைத் திரும்பிப் பார்க்கும். கைகால் இணைப்பில் இரட்டைத் தையல். நான் ஏழு கிலோ அரிசிப் பையைப் பொம்மையின் கையில் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கிறேன். இலவம்பஞ்சு நல்ல பஞ்சுதான், ஆனால் துவைத்தால் கட்டிகட்டியாகிவிடும், உலராவிட்டால் நாறும். துவைக்கிற பொம்மைக்குப் பைபர் பஞ்சு.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாமே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. ஆகவே கைவினைஞர் அட்டைக்கு விண்ணப்பம் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். விலக்கு இருக்கிறது என்று சோதனையைக் கைவிடவும் கூடாது.

10. ‘பாவம், கறுப்புப் பிள்ளை’ என்று பரிதாபம் பேசி விற்கிறவரிடம் சரக்கு கொடுக்காதீர்கள். ஒரு பகல் முழுக்கப் பின்னிய கூந்தலுக்குக் கூலி போட்டு விலை சொல்லுங்கள். பேரம் பேசினால் பொம்மையை உறையில் போட்டு மூடிவிடுங்கள்.

11. புது மாதிரி ஒன்று முடிந்தால் உடனே அனுப்பாமல் ஒரு வாரம் ஏதாவது ஒரு பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள். என்ன கேட்டாலும் பிள்ளை வாயால் சொல்லாது, ஆனால் பொம்மை திரும்பி வரும்போது எல்லாம் அதில் எழுதியிருக்கும். முழங்கை பிரிந்திருந்தால் அங்கே பிடித்துத்தான் இழுத்துக்கொண்டு போகிறது. தலை கலைந்திருந்தால் நல்ல செய்தி.

சேற்றுத்துணி போர்த்த மாலிப் பெண் பொம்மையை இந்த வருடம் எங்கள் தெருமுனை வீட்டுக் குழந்தையிடம் கொடுத்திருந்தேன். நாலு வயது. எட்டாம் நாள் வாங்கப் போனேன். பொம்மையைக் குளிப்பாட்டியிருந்தாள். நான் ஒரு பகல் உட்கார்ந்து தைத்த பின்னல்களில் இரண்டு அவிழ்ந்து, அதில் கனகாம்பரம் செருகியிருந்தது. கன்னத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. என்னடி இது என்று துடைக்கப் போனேன். “தொடாத ஆயா, திருஷ்டிப் பொட்டு” என்றாள். கண்மை வைத்துப் பார்த்தாளாம், அந்தக் கன்னத்தில் தெரியவில்லையாம். அதனால் அம்மா கோலத்துக்கு வைத்திருந்த மாவை விரலில் தொட்டு வைத்துவிட்டாள்.